தட்டை உச்சி மரமும் அது நின்ற காடும்

பொன்சாய் என்ற சொல்லை எடுத்தாலே எங்கட வட்டாரத்தில் வருகிற முதல் பதில் அநேகமாக ஒன்றுதான்: “ஐயோ, அது மரத்தை வதைக்கிற வேலையெல்லோ?” இதில் எங்களுடைய கவிதைகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வீட்டுக்குள் முடக்கப்பட்ட பெண், வளரவிடாமல் வைத்திருக்கிற பிள்ளை, ஒடுக்கப்பட்ட மொழி என்று எதைச் சொல்ல வெளிக்கிட்டாலும் பொன்சாய் கைக்கு இலகுவாக வந்துவிடுகிற உருவகம். கம்பி, கத்தரி, சின்னச் சட்டி மூன்றையும் அடுக்கினால் கவிதை அரைவாசி முடிந்த மாதிரி.

அந்த உருவகத்தோடு சண்டை பிடிக்க நாங்கள் வரவில்லை. மனிதருக்கு நடப்பதைச் சொல்ல அது உதவியிருக்கிறது, உதவட்டும். ஆனால் மரத்தைப் பற்றியே கதைக்கிற நேரத்திலும் அதே உருவகத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் கதை அதோடு நின்றுவிடும். “வதையா, கலையா” என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து பட்டிமன்றம் நடத்தலாம், அவ்வளவுதான். எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் படுகிற கேள்விகள் இரண்டு இருக்கின்றன. சட்டியில் இருக்கிற மரத்துக்குக் கொடுக்கப்படுகிற வடிவம் எங்கேயிருந்து எடுக்கப்பட்டது? அந்த வடிவம் நின்ற இடத்துக்கு என்ன நடந்தது?

இந்த இரண்டு கேள்விகளையும் பொதுவாகக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அதனால் ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் தெற்குச் சேற்றுக்காடுகளில் வளர்கிற மொட்டைச் சைப்பிரஸ்.

இலை கொட்டுகிற ஊசியிலை மரம்

தாவரவியல் பெயர் டக்சோடியம் டிஸ்டிக்கம். டெலவெயர் பக்கத்தில் தொடங்கி, கரையோரமாகக் கீழே இறங்கி, புளோரிடா, லூசியானா, டெக்சாஸ் வரைக்கும் போகிறது. மிஸிஸிப்பி ஆற்றோடு மேலே ஏறி இலினோய் மாநிலத்தின் தெற்குப் பகுதி வரைக்கும் நிற்கிறது. லூசியானா 1963இல் இதைத் தன்னுடைய மாநில மரமாக்கிக்கொண்டது.

ஊசியிலை மரம் என்றால் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் என்பதுதான் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். இது அப்படியில்லை. இலையுதிர் காலம் வந்தால் செங்கல் நிறத்துக்கு மாறி, மெல்லிய சிறு கிளைகளோடு சேர்த்து இலையைக் கொட்டிவிட்டுக் குளிர்காலம் முழுக்க மொட்டையாக நிற்கும். பெயர் வந்த கதை அதுதான்.

தண்ணீருக்குள் நிற்கிறபோது இதன் அடிமரம் பொம்மிப் பருத்து, மடிப்பு மடிப்பாக விரிந்து, பாவாடை விரித்த மாதிரி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிவர வேர்களிலிருந்து கூம்புக் கூம்பாக மரக்கட்டைகள் மேலே எழும்பும். அங்குள்ள ஆக்கள் இவற்றை “முழங்கால்” என்று சொல்லுகிறார்கள். கண்டல் காடுகளைப் பார்த்த எங்கட கண்ணுக்கு உடனே மூச்சு வேர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கண்டலின் மூச்சு வேர் செய்கிற வேலையை இந்த முழங்கால்கள் செய்கின்றன என்று இன்னும் தீர்மானமாக நிறுவப்படவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக விஞ்ஞானிகள் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வயசுக் கதையோ நம்ப முடியாதது. வட கரோலினாவின் பிளாக் ஆற்றங்கரையில் நிற்கிற ஒரு மொட்டைச் சைப்பிரஸுக்குக் குறைந்தது 2,624 வயது என்று டேவிட் ஸ்டாலே என்ற மரவளைய ஆய்வாளரின் குழு 2019இல் எழுதியது. புத்தர் காலத்துக்கும் முந்திய மரம். அதே ஆய்வாளர்கள் 1998இல் இன்னொரு விசயத்தையும் சொன்னார்கள். வேர்ஜீனியா, வட கரோலினாப் பக்கத்து மொட்டைச் சைப்பிரஸ் மரங்களின் வளையங்களை வாசித்துப் பார்த்தால், ரோனோக் தீவில் ஆங்கிலேயக் குடியேற்றம் காணாமல் போன 1587 முதல் 1589 வரையான காலம் எண்ணூறு வருடங்களில் இல்லாத வறட்சிக் காலம். எழுதப்பட்ட ஆவணங்கள் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதியை மரம் வைத்திருந்தது. வரலாறு படிக்கிற ஆக்களுக்கு இது சும்மா விசயமில்லை. மரம் ஓர் ஆவணம் என்றால் அதன் உள்வளையத்தை மட்டும் சொல்லவில்லை, வெளி உருவத்தையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம். அதற்குப் பிறகு வருகிறோம்.

சட்டிக்குள் நடப்பது என்ன

பொன்சாய் மரம் பட்டினி போட்டுச் சிறிதாக்கப்படுகிறது என்பது எங்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. நடைமுறை அதற்கு நேரெதிர். நோஞ்சான் மரத்தை யாரும் வளைக்கவோ வெட்டவோ முடியாது, வெட்டினால் செத்துப்போகும். ஆகவே முதல் வேலை மரத்தைக் கொழுக்க வைப்பதுதான்.

மொட்டைச் சைப்பிரஸ் விசயத்தில் வழக்கமான வழி இப்படி. குளிர்காலத்தின் கடைசியில், மொட்டு வெடிக்க முதல், சேற்றுநிலத்தில் நிற்கிற ஒரு மரத்தைத் தெரிவு செய்கிறார்கள். உயரமல்ல, அடிமரம் எப்படி விரிந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. வேண்டிய உயரத்தில் தண்டை வாளால் அறுத்து, வேரின் பெரும்பகுதியையும் வெட்டி, ஒரு மொட்டைக் கட்டையாக வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். பார்ப்பவருக்கு அது விறகு. ஆனால் வசந்தம் வந்ததும் அந்தக் கட்டையின் பட்டைக்குள்ளிருந்து பச்சை மொட்டுகள் நாலாபக்கமும் வெடித்து வரும். வெள்ளமும் சூறாவளியும் அடிக்கடி வருகிற நிலத்தில் வாழ்ந்த மரம். முறிந்த இடத்திலிருந்து திரும்பத் தளிர்ப்பது அதற்குப் பழகிய வேலை.

பிறகுதான் பொறுமை தேவை. வெட்டிய இடத்துக்குக் கிட்ட ஒரு தளிரைப் புதுத் தலைவனாகத் தெரிந்து, கம்பி சுற்றி நிமிர்த்தி, இஷ்டத்துக்கு வளரவிட வேண்டும். அது போதிய அளவு பருத்ததும் அதையும் வெட்டி, இன்னொன்றை மேலே கொண்டுபோக வேண்டும். கீழே தடிப்பு, மேலே போகப் போக மெலிவு என்ற ஒழுங்கு இப்படித்தான் கிடைக்கும். வெட்டுவாயைச் செதுக்கிச் சரிவாக்கினால், காலப்போக்கில் பட்டை சுற்றி வளர்ந்து காயத்தை மூடிக்கொண்டு வரும். இந்த மரம் வேகமாகப் பருக்கிறதால் சுற்றிய கம்பி சில கிழமைகளிலேயே பட்டைக்குள் புதைந்துவிடும். அதனால் வளர்கிற காலத்தில் கம்பியை அடிக்கடி பார்த்துக் கழற்ற வேண்டும். தண்ணீரோ கேட்டுக் கேட்டுக் குடிக்கும். கோடையில் சட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே இறக்கி வைத்திருப்பவர்கள் பலர். முழு வெயில் வேண்டும். வேர் சட்டியை நிரப்பிவிட்டால் எடுத்து வெட்டி, புது மண் போட்டுத் திரும்ப நட வேண்டும்.

இன்னொரு சிக்கல், இந்த மரத்தின் பலமெல்லாம் உச்சியை நோக்கித்தான் ஓடும். உச்சியை விட்டுவைத்தால் கீழ்க் கிளைகள் நிழலில் மெலிந்து காய்ந்துவிடும். கத்தரி எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவர் மரத்தின் இந்தக் குணத்தோடு தினமும் பேரம் பேச வேண்டியிருக்கிறது. ஒரு கோடையில் இரண்டு நாள் தண்ணீர் விட மறந்தாலே பல வருட வேலை முடிந்துபோகும்.

இதை வதை என்று சொல்ல நினைப்பவர்கள் சொல்லலாம். ஆனால் வதைக்கிறவர் வதைக்கப்படுவதன் குணத்துக்குத் தன் நாட்களை ஒப்புக்கொடுத்து நிற்கிற வதை எது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யார் யாரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பது அவ்வளவு தெளிவான விசயமில்லை.

யாருடைய முக்கோணம்?

இப்ப முதல் கேள்விக்கு வருவோம். வடிவம் எங்கேயிருந்து வருகிறது?

“பொன்” என்றால் தட்டுச் சட்டி, “சாய்” என்றால் நடுதல். சீனாவிலிருந்து யப்பானுக்குப் போய், அங்கே கோயில், வீடு, கண்காட்சி என்று நூற்றாண்டுக்கணக்கில் ஊறி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவிய கலை இது. 1976இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டுக்காக யப்பான் 53 பொன்சாய் மரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. வாசிங்டனில் உள்ள தேசிய பொன்சாய் அருங்காட்சியகம் அதிலிருந்துதான் தொடங்கியது. அந்த 53இல் ஒன்று ஹிரோசிமாக் குண்டுவீச்சில் தப்பிய பைன் மரம்.

கலையோடு சேர்ந்து விதிகளும் கப்பலேறின. கீழ்க் கிளை நீளமாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும், மேலே போகப் போகக் குறுக வேண்டும், மொத்த உருவம் ஒரு முக்கோணத்துக்குள் அடங்க வேண்டும், கிளைகள் சற்றுக் கீழ்நோக்கிச் சாய வேண்டும். இவை தான்தோன்றித்தனமான விதிகள் இல்லை. யப்பானின் மலைகளில் பனிப்பாரத்தைச் சுமந்து சுமந்து கிளை தாழ்ந்த கிழட்டுப் பைன் மரத்தைப் பார்த்து வந்த விதிகள். அங்கே அது முதுமையின் உருவம்.

லூசியானாவில் பனிப்பாரத்துக்கு எங்கே போவது?

முக்கோண விதியை மொட்டைச் சைப்பிரஸுக்குப் போட்டால் கிடைப்பது ஒரு இளந்தாரி மரம். இளசில் இந்த மரம் உண்மையிலேயே கூம்பு வடிவில்தான் இருக்கும். வயது போகப் போகத்தான் மாறும். சூறாவளியும் இடியும் உச்சியை முறிக்கும். மேலே ஏறுகிற வேகம் அடங்கும். கீழ்க் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து விழும். மிஞ்சுகிற நாலைந்து தடித்த கிளைகள் மேலே போய்ப் பக்கவாட்டில் விரிந்து, மேசையின் மேற்பரப்பு மாதிரி ஒரு தட்டையான உச்சியைக் கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் நீண்ட வெறும் தண்டும் அதன் மேல் படிந்த முகிலும்தான் தெரியும்.

இந்த உருவத்தைப் பொன்சாய்க்குள் கொண்டு வந்தவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த வோன் பாண்டிங். அவருடைய “தட்டை உச்சி” பாணி பழைய விதிகள் பலவற்றைத் தலைகீழாக்கியது. கீழ்க் கிளைகள் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் சின்னதாக இருக்கும். பலமான கிளைகள் உச்சியில். முக்கோணம் இல்லை. யப்பானிய இலக்கணத்தில் இது பிழை வசனம். ஆனால் அந்தச் சேற்றுக்காட்டில் படகோட்டிப் பிழைக்கிற ஒருவர் பார்த்தால், உடனே, “ஓம், இது எங்கட மரம்” என்று சொல்லுவார்.

எங்களுக்கு இந்த இடம் மிக முக்கியம். வெளியிலிருந்து வந்த ஒரு கலைவடிவத்தை என்ன செய்வது என்ற கேள்வியைக் கலைப்பீடத்தில் இருக்கிற நாங்கள் நாவலை வைத்தும் நாடகத்தை வைத்தும் ஓயாமல் கேட்கிறோம். ஒருபக்கம் “அது எங்கடை இல்லை, வேண்டாம்” என்பவர்கள். மறுபக்கம் அப்படியே பிரதி பண்ணுகிறவர்கள். பாண்டிங் போனது மூன்றாவது வழி. கையைப் பழக்குகிற முறையை யப்பானிடம் வாங்கினார், கண்ணை உள்ளூர் மரத்திடம் கொடுத்தார். யப்பானிய அமெரிக்கரான ஜோன் நாக்காவும் தன் மாணவர்களிடம் வற்புறுத்தியது கிட்டத்தட்ட இதைத்தான்: மரம் பொன்சாய் மாதிரி இருக்கத் தேவையில்லை, பொன்சாய்தான் மரம் மாதிரி இருக்க வேணும். அப்படியென்றால் எந்த மரம் மாதிரி, எங்கே நிற்கிற மரம் மாதிரி என்று அடுத்ததாகக் கேட்டாக வேண்டும்.

மாதிரிக்கு நின்ற காடு

அங்கேதான் கதை கசக்கிறது. ஏனென்றால் அந்த மரங்களில் பெரும்பாலானவை இப்ப இல்லை.

ஐரோப்பியர் வர முதல் சித்திமாச்சா போன்ற பழங்குடிகள் இந்த மரத்தைக் குடைந்து வள்ளம் செய்தார்கள். ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் தோட்டங்களிலிருந்து தப்பிய கறுப்பின அடிமைகள் நியூ ஓர்லியன்ஸுக்கும் போர்ன் ஏரிக்கும் இடைப்பட்ட சைப்பிரஸ் காடுகளுக்குள் ஊர் அமைத்து வாழ்ந்தார்கள். அவர்களில் சிலர் சைப்பிரஸ் மரம் தறித்து ஆலைக்காரருக்கு விற்றே சீவித்தார்கள். அவர்களுடைய தலைவன் சான் மாலோ பிடிபட்டு 1784 யூன் 19இல் நியூ ஓர்லியன்ஸில் தூக்கிலிடப்பட்டான். ஆட்சிக்காரருக்கு அந்தக் காடு வெறும் சேறு. தப்பி வந்தவர்களுக்கு அதுதான் ஒளிவதற்கும் உயிர் வாழ்வதற்கும் கிடைத்த இடம்.

1876இல் மத்திய அரசு தெற்கில் இருந்த தன் காணிகளை விற்பனைக்குத் திறந்துவிட்டது. மரக் கொம்பனிகள் வந்து இறங்கின. பச்சைச் சைப்பிரஸ் மரத்தைத் தறித்தால் தண்ணீரில் தாழும். அதனால் முதலில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே சாகவிட்டு, காய்ந்த பிறகு தறித்து மிதக்கவிட்டார்கள். 1880களின் கடைசியில் நீராவி யந்திரம் பூட்டிய இழுவைப் படகுகள் வந்தன. கால்வாயில் படகை நிறுத்தி, கம்பிவடத்தால் நாலாபக்கமிருந்தும் மரங்களைச் சேற்றுக்குள்ளால் இழுத்தார்கள். இழுத்த தடங்கள் இன்றைக்கும் ஆகாயத்திலிருந்து பார்த்தால் வண்டிச் சில்லின் ஆரங்கள் மாதிரித் தெரிகின்றன. உக்காத மரம் என்பதால் “என்றும் அழியாப் பலகை” என்று விளம்பரம் செய்து விற்றார்கள். 1930கள் ஆகும்போது லூசியானாவின் ஆதிக் காடு ஏறத்தாழ முடிந்துவிட்டது.

தப்பியவை எவை? உள்ளே கோறையானவை, முறுகியவை, பலகைக்கு உதவாதவை. இன்றைக்கு அங்கே அங்கே தனியாக நிற்கிற தட்டை உச்சிக் கிழட்டு மரங்களில் கனக்க இப்படி விலைப்படாமல் மிஞ்சியவைதான். பொன்சாய்க் கலைஞர் “இதுதான் இந்த மரத்தின் முழுமையான உருவம்” என்று கண்டு சட்டிக்குள் கொண்டு வந்தது, சந்தை கழித்து விட்ட மரத்தின் உருவத்தை.

தறித்த காடு தன்பாட்டில் திரும்ப வளர்ந்திருக்கலாம். சில இடங்களில் வளர்ந்தது. ஆனால் இந்த மரத்தின் பிறப்பில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பெரிய மரம் வருடக்கணக்காகத் தண்ணீரில் நிற்கும், ஆனால் விதை தண்ணீருக்குள் முளைக்காது. வெள்ளம் வடிந்து ஈர மண் வெளியே தெரிகிற காலம் ஒன்று வேண்டும். முளைத்த கன்றின் தலை நெடுநாள் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் செத்துப்போகும். மிஸிஸிப்பிக்கு இரண்டு பக்கமும் அணைக்கட்டு கட்டியதால் ஆறு புது மண்ணைக் காட்டுக்குள் கொட்டுவது நின்றது. நிலம் தாழ்ந்தது. வடிய வேண்டிய தண்ணீர் வடியாமல் நிற்கிறது. மிஞ்சி முளைக்கிற கன்றுகளை, 1930களில் தோலுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டு வரப்பட்ட நியூட்ரியா என்ற பெரிய எலி மாதிரியான பிராணி கொறித்துத் தின்கிறது.

இவற்றுக்கு மேல் உப்பு. கப்பல்களுக்குக் குறுக்குவழி என்று சொல்லி அமெரிக்க இராணுவப் பொறியியல் பிரிவு 1958 முதல் 1968 வரை, நியூ ஓர்லியன்ஸிலிருந்து மெக்சிக்கோ வளைகுடாவுக்கு ஏறத்தாழ 122 கிலோமீற்றர் நீளக் கால்வாய் ஒன்றை வெட்டியது. அதன் வழியே கடல்நீர் உள்ளே வந்தது. நல்ல தண்ணீரில் நின்ற சைப்பிரஸ் காடுகள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றபடியே செத்தன. நகரத்தின் ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த லோவர் நைன்த் வார்ட் பகுதியின் ஓரத்தில் இருந்த காடு, திறந்த தண்ணீரும் இடையிடையே நீட்டிக்கொண்டிருக்கிற கட்டைகளுமாகிவிட்டது. 2005 ஓகஸ்ட் 29இல் கத்ரினாச் சூறாவளி வந்தபோது, அலையின் வேகத்தைக் குறைக்க அங்கே காடு இருக்கவில்லை. கால்வாயை 2009இல் பாறை போட்டு மூடினார்கள். சான் மாலோவின் ஆட்கள் ஒளிந்திருந்த நாட்டுக்குக் கிட்டத்தான் இந்தக் கால்வாயும் போகிறது.

அப்ப தோண்டலாமோ?

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு சேற்றிலிருந்து மரம் தோண்டுகிற பொன்சாய்க்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இலகு. நாங்கள் அதைச் செய்யப் போவதில்லை. அவர்கள் எடுக்கிற மரங்களின் எண்ணிக்கையைக் கொம்பனிகள் தறித்ததோடும் கால்வாய் கொன்றதோடும் ஒப்பிடவே முடியாது. பூந்தோட்டத்தில் களை வராமல் பரப்புகிற மரத்தூளுக்காகக்கூட இந்த மரம் அரைக்கப்பட்டது. கண்டனம் எழுந்த பிறகுதான் பெரிய சில்லறைக் கடைச் சங்கிலிகள் லூசியானாக் கரையோரச் சைப்பிரஸ் தூளை விற்பதை நிறுத்தின. தோண்டுகிறவர்களில் பலர் காணிக்காரரின் அனுமதியோடு, எப்படியும் துப்புரவாக்கப்படப் போகிற வாய்க்கால் ஓரத்திலும் வெட்டை நிலத்திலும்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் சொல்லுகிற ஒரு நியாயத்தை நாங்கள் ஏற்க மாட்டோம். “ஒரு மரத்தையாவது காப்பாற்றினேன்” என்கிற நியாயம். சட்டிக்குள் வந்த மரம் உயிரோடு இருக்கிறது, உண்மை. ஆனால் அது ஒரு பறவைக்கும் கூடு கொடுக்காது, ஒரு அலையையும் மறிக்காது, அதன் விதை விழுந்து முளைக்க அதற்குக் கீழே சேறும் இல்லை. காடு செய்த வேலைகளில் ஒன்றே ஒன்றைத்தான் சட்டி செய்கிறது: அந்த உருவத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. அது சின்ன வேலை இல்லை. தட்டை உச்சியை நேரில் பார்த்து வளராத ஒரு தலைமுறைக்கு, கிழட்டுச் சைப்பிரஸ் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட ஒரு சாட்சி வேண்டும்தானே. ஆனால் சாட்சி வேறு, மீட்பு வேறு. கண்காட்சி மண்டபத்தில் ஐம்பது தட்டை உச்சி மரங்கள் மேசையில் நிற்கிறதைப் பார்த்து மனசு ஆறிவிட்டால், சட்டி காட்டுக்குப் பதிலாகிவிடும். எங்களுக்குப் பயம் அந்த ஆறுதலில்தான்.

அதனால் எங்கட நிலைப்பாட்டை நேராகவே சொல்லுகிறோம். லூசியானா ஆளுநர் அமைத்த விஞ்ஞானிகள் குழு 2005இல் கொடுத்த அறிக்கை, கரையோரச் சேற்றுக்காடுகளை மூன்றாகப் பிரித்தது. தானாக முளைத்து மீளக்கூடியவை, கன்று நட்டால் மட்டும் மீளக்கூடியவை, நட்டாலும் மீளாதவை. பொன்சாய்க்காரருக்கு இதைவிடத் தெளிவான ஒழுக்க விதி தேவையில்லை. முதல் வகை நிலத்தில் அனுமதியோடு தோண்டுங்கோ. மற்ற இரண்டு வகையிலும் கை வைக்காதேங்கோ. அங்கே நிற்கிற மரத்துக்குப் பின்னால் வரிசையில் வேறு மரம் இல்லை.

“அப்ப நல்ல அடிமரம் எங்கே கிடைக்கும்?” என்று கேட்பார்கள். விதையிலிருந்து கிடைக்கும். மொட்டைச் சைப்பிரஸ் வேகமாக வளர்கிற மரம். கன்றை நிலத்தில் வைத்தோ தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தோ பத்து வருடத்துக்கு மேல் பொறுத்தால் அடிமரம் விரிந்து வரும். சேற்றில் ஐம்பது வருடம் நின்ற மரத்தின் அழகு அதற்கு வராது என்பார்கள். ஓம், வராது. ஆனால் பொறுமைதான் இந்தக் கலையின் முதல் பாடம் என்று எல்லாப் பொன்சாய்ப் புத்தகமும் சொல்லுகிறது. ஐம்பது வருடப் பொறுமையைச் சேற்றிடமிருந்து ஒரு பின்னேரத்தில் அறுத்து எடுத்துக்கொண்டு வந்து பொறுமையைப் பற்றிக் கதைப்பது எப்படிச் சரியாகும்?

இன்னொன்று. இந்த மரத்தைப் பற்றி நெருக்கமான அறிவு உள்ளவர்கள் விஞ்ஞானிகளுக்கு அடுத்தபடி பொன்சாய்க்காரர்தான். விதை எப்போது முளைக்கும், கன்று எவ்வளவு தண்ணீர் தாங்கும், வெட்டிய கட்டை எங்கே தளிர்க்கும், எந்த உப்புத் தண்ணீர் இலையைக் கருக்கும் எல்லாம் கைப்பழக்கத்தில் தெரிந்தவர்கள். லூசியானாவில் தொண்டர்கள் சைப்பிரஸ் கன்றுகளைச் சேற்றில் நட்டு, நியூட்ரியா கொறிக்காமல் சுற்றிவரப் பிளாஸ்ரிக் குழாயோ கம்பி வலையோ போட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு சட்டிக்கு எத்தனை கன்று என்று ஒவ்வொரு பொன்சாய்ச் சங்கமும் தனக்கே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தோண்டுகிற ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று என்று வைத்தாலும் அது பெரிய தண்டனை இல்லை.

எங்கட கவிதைக்குத் திரும்பினால், பொன்சாய் உருவகத்தைக் கைவிடச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. ஆனால் இனி அதை எழுதுகிறவர்கள் கத்தரியோடும் கம்பியோடும் நின்றுவிடாமல் இன்னும் கொஞ்சத் தூரம் போகலாம். சட்டியில் இருக்கிற மரத்துக்குக் குறைந்தபட்சம் அதன் குணம் தெரிந்து தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் இருக்கிறார். சுற்றி வளையம் வெட்டி நின்ற நிலையில் சாகவிடப்பட்ட மரங்களுக்கும், உப்பு ஏறிச் செத்த காட்டுக்கும் அப்படி ஒருத்தரும் இருக்கவில்லை. வதை என்ற சொல்லை வைத்திருக்கிறோம் என்றால் அதை எங்கே பாவிக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

தட்டை உச்சிப் பாணியை ஒரு கலைஞர் கண்டுபிடித்தது, வெளியே போனால் பார்க்க ஒரு மரம் நின்றதால்தான். அடுத்த பாணியைக் கண்டுபிடிக்கப் போகிறவருக்கும் வெளியே ஒரு மரம் நிற்க வேணும். அதற்கு வெள்ளம் வடிந்த ஒரு வசந்தத்தில், உப்பு இல்லாத சேற்றில், ஒரு விதை முளைக்க இடம் இருக்க வேணும். சட்டியின் தண்ணீர் மட்டத்தை நாள்தோறும் பார்க்கிற ஆக்கள் அந்தச் சேற்றின் தண்ணீர் மட்டத்தைப் பற்றியும் கேட்கத் தொடங்கட்டும்.